அரிய மிளகாய் விதை வாங்கப் போறீங்களா, ஃபோட்டோவ விட்டுட்டு லேபிள படிங்க

அரிய மிளகாய் ரகங்களோட விதைய ஆன்லைன்ல வாங்குறதுக்கு நாலு வழி இருக்கு. எல்லாமே கிடைக்கிற பெரிய ஷாப்பிங் தளம், பெரிய விதை கம்பெனி, மிளகாய மட்டுமே வளத்து விதை எடுத்து விக்கிற சின்ன வளர்ப்பாளர்கள், அப்புறம் விதைய மாத்திக்கிற ஆர்வலர்கள். நாலு பக்கமும் வாங்கி போட்டு வளத்து பாத்தாச்சு, என் ஓட்டு மூணாவது ஆளுங்களுக்குதான், அதுவும் குறிப்பா நான் இப்போ தொடர்ந்து வாங்கிட்டு இருக்கிற ஒருத்தருக்கு. அவர் என்ன சரியா பண்றார், மத்தவங்க எங்க கோட்டை விடுறாங்கன்னு விவரமா எழுதுறேன், ஏன்னா இந்த விஷயத்துல ஏமாந்தா பணம் மட்டும் போறதில்ல, ஒரு சீசன் முழுசா போயிடுது. விதை போட்டு, நாத்து எடுத்து, தொட்டி மாத்தி, பூ விட்டு, காய் பழுத்து, அப்போதான் தெரியும் நம்ம கேட்டது ஒண்ணு வந்தது வேறன்னு.

முதல்ல பெரிய ஷாப்பிங் தளம். இதுல நான் பீச் கலர் ஹபனெரோன்னு போட்டிருந்த பாக்கெட்ட வாங்கினேன், ஃபோட்டோ அவ்ளோ அழகு. வந்தது ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர், அதுல பேரும் கிடையாது தேதியும் கிடையாது, ஒரு நம்பர் ஸ்டிக்கர் மட்டும். முளைப்பு நல்லாவே இருந்துச்சு, அத குறை சொல்ல மாட்டேன். ஆனா செடி பூ விட ஆரம்பிச்சதும் தெரிஞ்சு போச்சு, ஒவ்வொரு கணுவுலயும் ஒத்தப் பூ, பளிச்சுன்னு வெள்ளையா. ஹபனெரோ ரொம்ப காரமான ரகம், சைனென்ஸ்ங்கிற மிளகா இனத்த சேந்தது, அதுல ஒரு கணுவுல ரெண்டு மூணு பூ சேந்து வரும், இதழ் கொஞ்சம் பச்சை கலந்த வெள்ளையா தலைய தொங்கப் போட்டுட்டு இருக்கும். என்கிட்ட இருந்தது ஆன்னுவம்ங்கிற சாதாரண மிளகா இனம், அழகுக்கு தொட்டில வைப்பாங்களே அந்த மாதிரி குட்டி மிளகா. விக்கிறவருக்கு எழுதினா பதில் இல்ல, ரிட்டர்ன் டைமும் எப்பவோ முடிஞ்சிருச்சு. இந்த இடத்துலதான் விதை மத்த பொருள்ல இருந்து வேறுபடுது, தப்பு தெரியவர்றதுக்கு மாசக்கணக்குல ஆகும், அதுக்குள்ள அந்த கடை பேர மாத்திட்டு வேற பேர்ல அதே ஃபோட்டோவ போட்டு உக்காந்துருக்கும்.

அதே தளத்துல பளபள நீல மிளகா, வானவில் மாதிரி ஒரே காய்ல ஏழு கலர் மிளகான்னு எல்லாம் விக்கிறாங்க. அப்படி ஒரு மிளகா உலகத்துல இல்ல. மிளகாயில ஊதா, கருப்பு வர்றது ஆந்தோசயனின்ங்கிற நிறமியால, அது காய் பிஞ்சா இருக்கும்போது கருநீலம் மாதிரி தெரியலாம், பழுத்தா பெரும்பாலும் சிவப்புக்கு போயிடும். பொலிவியன் ரெயின்போன்னு ஒரு நிஜ ரகம் இருக்கு, ஒரே செடியில ஊதா, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு வேற வேற பருவத்துல உள்ள காய் எல்லாம் ஒண்ணா நிக்கும், பாக்கவே கண்ணு நிறையும். ஆனா ஒரு காய் ஒரு நேரத்துல ஒரு கலர், அல்லது ஒரு கலர்ல இருந்து இன்னொண்ணுக்கு மாறிட்டு இருக்கும், அவ்ளோதான்.

இன்னொரு சுலபமான சோதனை சொல்றேன். அந்த கடையில பெப்பர் எக்ஸ் விதை இருக்கான்னு தேடுங்க. 2023 அக்டோபர்ல கின்னஸ் அத உலகத்துலயே அதிக காரமான மிளகான்னு அறிவிச்சாங்க, சராசரி 26,93,000 ஸ்கோவில், அதாவது காரத்த அளக்குற அலகு. அதுக்கு முன்னாடி பட்டம் வச்சிருந்த கரோலினா ரீப்பர் 16 லட்சத்து சொச்சம்தான், ரெண்டையும் உருவாக்கினது எட் கரிங்கிற அமெரிக்க வளர்ப்பாளர்தான். பெப்பர் எக்ஸ் பழத்தையோ விதையையோ வெளிய விடப் போறதில்லன்னு அவரே வெளிப்படையா சொல்லிட்டார். அப்போ கடையில பெப்பர் எக்ஸ் விதைன்னு ஒரு பாக்கெட் தொங்குனா, அந்த கடைக்காரர் பாக்கெட் மேல என்ன வேணா எழுதுவார்னு அர்த்தம், அவர்கிட்ட மத்த ரகத்தையும் வாங்காதீங்க. ரீப்பர் அப்படி இல்ல, அதோட விதை நேர்மையா நிறைய பேர்கிட்ட கிடைக்குது.

பெரிய விதை கம்பெனி பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. முளைப்பு பிரமாதம், பாக்கெட்ல பேக் பண்ண தேதி, காலாவதி தேதி எல்லாம் சுத்தமா இருக்கும், நோய் சோதனையும் பண்ணிருப்பாங்க. ஹலபேனோ, கயென் மாதிரி ரகம்னா கண்ண மூடிட்டு அங்கயே வாங்கலாம். ஆனா அரிய ரகம்னு போனா அவங்க கேட்லாக் சின்னது, அதுலயும் நிறைய எஃப்1 ஹைப்ரிட், அதாவது ரெண்டு ரகத்த கலந்து எடுத்த முதல் தலைமுறை. எஃப்1 செடி அருமையா காய்க்கும், அதுல இருந்து நீங்க விதை எடுத்து அடுத்த தடவ போட்டா ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி வரும். விதை சேத்து வச்சு வருஷா வருஷம் வளக்கணும்னு நினைக்கிறவங்க ஓபன் பாலினேட்டட்னு, அதாவது ஹைப்ரிட் இல்லாத, வேற ரகத்தோட கலக்காம விதை எடுத்தா அதே மாதிரி வர்ற ரகம்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க.

இப்போ முக்கியமான ஒரு விஷயம், விதை வாங்குற பல பேர் இத யோசிக்கிறதே இல்ல. விக்கிறவர் போடுற ஃபோட்டோ நிஜமாவே அவர் தோட்டத்து ஃபோட்டோவா இருந்தாலும், பழம் அச்சு அசலா ரகத்துக்கு ஏத்த மாதிரி இருந்தாலும், உள்ள இருக்கிற விதை வேறயா இருக்கலாம். ஏன்னா பழத்தோட சதை, கலர், வடிவம் எல்லாம் தாய்ச்செடியோட உடம்பு. பக்கத்து செடியில இருந்து தேனீ மகரந்தத்த கொண்டு வந்து போட்டிருந்தாலும் அந்த பழம் வெளிய கொஞ்சமும் மாறாது. கலப்பு விதைக்குள்ள போயிருக்கும், அத நீங்க விதைச்சு அந்த செடி காய்க்கும்போதுதான் வெளிய வரும். மிளகா பொதுவா தன் மகரந்தத்துலயே காய்க்கிற செடிதான், ஆனா தேனீ நிறைய வர்ற இடத்துல பல ரகத்த நெருக்கி வச்சா கலப்பு நடந்தே தீரும். அரிய ரகம் விக்கிறவங்க எல்லாருமே பல ரகத்த நெருக்கித்தான் வச்சிருப்பாங்க, இடம் வேணும்ல.

அதனால விதையோட தரம்ங்கிறது கண்ணுக்கு தெரியாத ஒரு விஷயம், அந்த பூவ மூடி வச்சாரா இல்லையாங்கிறது வளத்தவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் எழுதி வைக்கலன்னா நமக்கு வேற வழியே கிடையாது. நான் இப்போ வாங்குற வளர்ப்பாளர எனக்கு இவ்ளோ பிடிச்சுப் போனதுக்கு காரணம் இதான், அவர் எழுதி வைக்கிறார்.

அவரோட பாக்கெட்ல ரகத்தோட பேரு, இனத்தோட பேரு, விதை எடுத்த வருஷம், எப்படி எடுத்ததுன்னு நாலு வரி இருக்கும். எப்படி எடுத்ததுங்கிறதுல ரெண்டு வகை. வலைக்குள்ள வச்சு இல்லன்னா பூ விரியறதுக்கு முன்னாடியே மெல்லிசு துணிப்பை கட்டி எடுத்ததுன்னா ‘தனிமைப்படுத்தியது’, சும்மா திறந்த வெளியில காய்ச்சதுன்னா ‘திறந்த மகரந்தம், கலப்பு இருக்கலாம்’. ரெண்டாவது வகைய விலை கம்மியா தர்றார், அத மறைக்காம போட்டிருக்கார். அதுலயும் நான் ஃபடாலி வாங்கினேன், மத்திய ஆப்பிரிக்கால இருந்து வர்ற மஞ்சள் ரகம், எலுமிச்சை வாசனை அடிக்கும், சைனென்ஸ். செடிங்க எல்லாம் சரியா வந்துச்சு, ஒண்ணு மட்டும் காய் குட்டையா ஆரஞ்சா வந்துச்சு. எனக்கு வருத்தமே இல்ல, ஏன்னா அவர் முன்னாடியே சொல்லிட்டார். தனிமைப்படுத்தினதுன்னு போட்ட அஹி அமரில்லோ, லெமன் டிராப் எல்லாம் ஒரு செடி கூட மாறாம அப்படியே வந்துச்சு. அந்த ரெண்டும் பக்காட்டம் இனம், பூ விட்டதுமே இதழோட அடியில மஞ்சள் பச்சையா புள்ளி தெரியும், அத பாத்ததும் அப்பாடான்னு இருந்துச்சு, காய்க்கிற வரைக்கும் காத்திருக்க தேவையில்ல.

கலப்பு ரகம் பத்தியும் அவர் நேர்மையா இருக்கார். இப்போ நிறைய பேர் புதுசு புதுசா ரெண்டு ரகத்த கலந்து ஒரு பேர் வச்சு விக்கிறாங்க. அது எத்தனாவது தலைமுறைன்னு சொல்லணும். எஃப்2, எஃப்3 எல்லாம் இன்னும் ஆடிட்டே இருக்கும், செடிக்கு செடி மாறும், ஏழெட்டு தலைமுறை தேர்ந்தெடுத்து வந்தாதான் ஒரு ரகம்னு நம்பலாம். இவர் எஃப்4ன்னா எஃப்4ன்னு போடுறார். வேற ஒரு கடையில அதே மாதிரி கலப்பு ரகத்துக்கு ‘உறுதியான ரகம்’னு போட்டிருந்தாங்க, எத்தனாவது தலைமுறைன்னு கேட்டேன், ‘எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்றாங்க’ன்னு பதில் வந்துச்சு. அந்த பதில் எனக்கு போதும், வாங்கல.

பேக்கிங் பத்தி ஒரு வார்த்தை. காகித உறைக்குள்ள விதை, அது ஒரு ஜிப் கவர்ல, கூடவே சின்ன சிலிக்கா ஜெல் பை. கடிதத்தோட வர்ற விதைங்க தபால் மெஷின்ல நசுங்கிடும், அதுக்கு ரெண்டு பக்கமும் கெட்டி அட்டை வச்சு அனுப்புறார். நல்லா காய வச்சு, ஈரம் படாம, குளிர்ச்சியா வச்சா மிளகா விதை ரெண்டு மூணு வருஷம் தாராளமா முளைக்கும், அதுக்கு மேல மெல்ல மெல்ல குறையும். அதனால விதை எடுத்த வருஷம் பாக்கெட்ல இல்லன்னா எனக்கு அது ஒரு பெரிய குறை. பேக் பண்ண வருஷம் வேற, எடுத்த வருஷம் வேற, இத நிறைய கடை குழப்பி விடுறாங்க.

குறையே இல்லையான்னா இருக்கு. ஸ்டாக் சீக்கிரம் தீந்துடும். ஒரு பாக்கெட்ல பத்து விதைதான். அனுப்ப லேட் ஆகும், ஏன்னா ஒரே ஆள் செடிக்கு தண்ணியும் ஊத்தி பார்சலும் கட்டணும். வெப்சைட் பழசு, ஃபோன்ல திறந்தா எழுத்து எறும்பு சைஸ்ல இருக்கு. ஃபோட்டோவும் சுமார்தான், இலைல புழு தின்ன ஓட்டையோட அப்படியே எடுத்து போட்டிருக்கார். எனக்கு அந்த ஓட்டை பிடிச்சிருக்கு, அது நிஜத் தோட்டம்.

விமர்சனம் படிச்சுட்டு வாங்குறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், அவருக்கு வந்திருக்கிற ஒரு ஸ்டார் விமர்சனத்துல பாதி அநியாயம். பத்து நாள் ஆச்சு முளைக்கல, ஏமாத்திட்டான்னு எழுதிருக்காங்க. ஆன்னுவம் ரகம் ஒரு வாரம் ரெண்டு வாரத்துல முளைக்கும் சரி. சைனென்ஸ் ரகம் ரெண்டு வாரத்துல இருந்து நாலு வாரம் எடுக்கும், சில சமயம் அதுக்கும் மேல. மண்ணோட சூடு 26ல இருந்து 30 டிகிரி செல்சியஸ்குள்ள நிலையா இருக்கணும், ராத்திரி ஜில்லுன்னு ஆச்சுன்னா இன்னும் தள்ளிப் போகும், மண்ணு சொதசொதன்னு இருந்தா உள்ளயே அழுகிடும். சில்டெபின் மாதிரி காட்டு மிளகா இன்னும் மோசம், இஷ்டத்துக்கு ஒண்ணு இன்னிக்கு ஒண்ணு அடுத்த மாசம்னு எட்டிப் பாக்கும். காட்டுல அந்த விதைய பரப்புறது பறவைங்க, அதுங்களுக்கு மிளகாயோட காரமே தெரியாது, முழுசா முழுங்கிட்டு போய் வேற இடத்துல போடும். அப்படி வளந்த விதை நம்ம தட்டுல ஒரே நாள்ல எல்லாம் சேந்து முளைக்கணும்னு எதிர்பாக்குறது நியாயமில்ல. பொறுமையா ஒரு மாசம் சூடா வச்சு பாத்துட்டு அப்புறம் ஸ்டார் போடுங்க ப்ளீஸ், ஒரு ஆள் தனியா உழைக்கிற கடைக்கு அந்த ஒரு ஸ்டார் ரொம்ப பெரிய அடி.

விதை பரிமாற்றம். மனசுக்கு ரொம்ப நெருக்கமான வழி இதான், எங்கயுமே காசுக்கு கிடைக்காத ரகம் இங்க கிடைக்கும். இப்போ எல்லாரும் தேடுற ஃபிஷ் பெப்பர் இப்படி கை மாறி வந்ததுதான். இலையும் காயும் வெள்ளை பச்சை வரி வரியா இருக்குமே அந்த ரகம். அமெரிக்கால கறுப்பின மக்கள் வளத்துட்டு வந்தது, மெல்ல காணாம போயிட்டு இருந்துச்சு. 1940கள்ல ஹொரேஸ் பிப்பின்ங்கிற ஓவியர் அந்த விதைய தேனீ வளத்த ஒருத்தருக்கு குடுத்தார், தன் கைவலிக்கு தேனீ கொட்டுனா நல்லதுன்னு நம்பி அதுக்கு பதிலா குடுத்தது. அந்த தேனீ வளத்தவரோட பேரன் வில்லியம் வாய்ஸ் வீவர் பல வருஷம் கழிச்சு தாத்தாவோட ஃப்ரீசர்ல அந்த விதைய கண்டுபிடிச்சு, 1995ல சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்ங்கிற அமெரிக்க விதை பாதுகாப்பு அமைப்பு மூலமா வெளிய குடுத்தார். ஒரு ஓவியர் அந்த விதைய குடுக்கலன்னா இந்த செடிய நாம பாத்திருக்க மாட்டோம். சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச் 1975ல ஆரம்பிச்சது, இன்னிக்கும் இதே வேலைய பண்ணிட்டு இருக்காங்க.

ஆனா பரிமாற்றத்துல லேபிள் பெரும்பாலும் பாழ். ‘சிவப்பு, ரொம்ப காரம்’னு எழுதி வரும். கேட்டா நல்ல மனுஷங்க, பதில் சொல்வாங்க, ஆனா எழுதி வச்சிருக்க மாட்டாங்க. இங்க தைரியமா வாங்கலாம்னு நான் சொல்றது ஒரே ஒரு இனத்த, புபெசென்ஸ். ரொகோட்டோன்னு சொல்றது. ரெண்டு காரணம். ஒண்ணு, பயிராகுற அஞ்சு மிளகா இனத்துல இதுக்கு மட்டும்தான் விதை கருப்பா இருக்கும், கவர திறந்ததுமே நிஜமா பொய்யான்னு தெரிஞ்சிரும், இந்த வசதி வேற எந்த மிளகாய்க்கும் இல்ல. ரெண்டாவது, இது மத்த நாலு இனத்தோடயும் கலக்காது, அதனால பக்கத்துல நூறு ரகம் இருந்தாலும் ரொகோட்டோ ரொகோட்டோவாவே இருக்கும், இன்னொரு ரொகோட்டோ பக்கத்துல இல்லாத வரைக்கும். தென் அமெரிக்காவோட ஆன்டிஸ் மலைல வளந்த செடி, பூ ஊதா கலர், இலையில முடி முடியா இருக்கும், கொளுத்துற வெயில் ஆகாது. மிதமான குளிர் உள்ள இடத்துல இருக்கிறவங்க கட்டாயம் ஒரு தடவ போட்டு பாருங்க.

ஆராய்ச்சி நிறுவனங்கள் கிட்டயும் வாங்கலாம்ங்கிறது நிறைய பேருக்கு தெரியல. நியூ மெக்ஸிகோ ஸ்டேட் யுனிவர்சிட்டில சிலி பெப்பர் இன்ஸ்டிட்யூட்னு ஒண்ணு 1992ல இருந்து இருக்கு, மிளகாய்க்குன்னே தனியா. வடகிழக்கு இந்தியாவோட பூத் ஜோலோகியா மிளகா பத்து லட்சம் ஸ்கோவில தாண்டுதுன்னு அளந்து சொன்னது இவங்கதான், 10,01,304ன்னு 2007ல கின்னஸ்ல பதிவாச்சு. அவங்க விதையும் விக்கிறாங்க. ஆனா எல்லை தாண்டி விதை வர்றதுன்னா விதிமுறை இருக்கு, நிறைய நாட்டுக்கு தாவர சுகாதார சான்றிதழ் வேணும், அது இல்லன்னா கஸ்டம்ஸ்லயே போயிடும். இது சும்மா காகித வேலைன்னு நினைக்காதீங்க. டொபேமோன்னு ஒரு வகை செடி வைரஸ்ங்க விதையோட தோல்ல ஒட்டிட்டே பயணம் பண்ணும், அதுல ஒண்ணான, தக்காளிய நாசம் பண்ற ரூகோஸ் வைரஸ் மிளகாயையும் தாக்கும், ஒரு தடவ வந்துட்டா செடிய பிடுங்கி எறியறத தவிர வைத்தியம் இல்ல. 2020ல அமெரிக்கால நிறைய பேருக்கு கேக்காமலே விதை பாக்கெட் தபால்ல வந்துச்சு, அத விதைக்காதீங்கன்னு அந்த நாட்டு விவசாயத் துறையே சொல்லுச்சு. ஷாப்பிங் தளத்துல எங்க இருந்து அனுப்புறாங்கன்னு தெரியாத பாக்கெட்ட தவிர்க்கிறதுக்கு இது இன்னொரு காரணம்.

மொத்தத்துல என் மார்க் இப்படி. சின்ன வளர்ப்பாளருக்கு அஞ்சுக்கு நாலரை, அந்த அரை லேட்டா அனுப்புறதுக்கு. பெரிய கம்பெனிக்கு நாலு, ரகம் இருந்தா. பரிமாற்றத்துக்கு மூணரை, கேள்வி கேக்க தெரிஞ்சவங்களுக்கு மட்டும். ஷாப்பிங் தளத்துக்கு ஒண்ணு.

புதுசா ஒரு கடையில ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி மெயில்ல அனுப்புங்க: இது எந்த இனம், எந்த வருஷம் எடுத்த விதை, பூவ மூடி எடுத்ததா திறந்தே விட்டதா. நான் வாங்குற வளர்ப்பாளர் முதல் மெயிலுக்கே நீளமா பதில் போட்டார், எந்த செடிக்கு பக்கத்துல எந்த செடி இருந்துச்சுன்னு வரைக்கும். இந்த சீசனுக்கு அவர்கிட்ட பிஷப்ஸ் கிரவுனும் சாக்லேட் ஹபனெரோவும் வலைக்குள்ள எடுத்தது வந்திருக்கு, சுகர் ரஷ் பீச் இப்போதைக்கு திறந்த மகரந்தம்தான் இருக்கு, மூடி எடுத்தது அடுத்த அறுவடைக்கு அப்புறம்னு போட்டிருக்கார், அவசரம் இல்லாதவங்க அதுக்கு காத்திருக்கலாம்.